தண்ணீர் ஊற்றாத பிள்ளை

அமலி அந்த வார்த்தைகளை ஒரு தேங்காயின் மேல் சொல்லிப் பழகியவள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து உபதேசியார் வேதபாடம் நடத்துவார். சாமியார் வந்து சேர நேரமில்லாமல் ஒரு பச்சைப்பிள்ளை சாகக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஓட வேண்டும், வாய் அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தார். செய்து பார்க்க ஒரு தேங்காயைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வகுப்பிலிருந்த அத்தனை பேரும் அந்த ஒரே தேங்காய்க்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மத்தியானம் அது உபதேசியார் வீட்டு மீன்குழம்புக்குப் போனது என்று தெரிந்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தண்ணீர் ஊற்றாமல் செத்த பிள்ளைகள் எங்கே போகும் என்று அவர் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அங்கே நெருப்பு கிடையாது, ஆனால் வெளிச்சமும் கிடையாது என்றார். அம்மா கிடையாது. எவ்வளவு அழுதாலும் கேட்க ஆள் கிடையாது. அந்த உபதேசியார் செத்து, அமலிக்குக் கல்யாணமாகி, திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுபோன பிறகும் அந்த இடம் அவள் மனத்தில் அப்படியே இருந்தது.

அவளும் அவள் கணவன் ஆரோக்கியராஜும் குடியிருந்தது ஒரு லைன் வீட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் அன்புசெல்வியும் பிரதீப்பும். பிரதீப்புக்குச் சேவூர்ப் பக்கம். கம்பெனி வேனில் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகிறவன். அன்புசெல்வி அமலி வேலை செய்யும் கம்பெனியிலேயே ஓவர்லாக் டெய்லர். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. இதயத்தில் ஓட்டை. எடை ஏறியதும் கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும், அப்புறம் பேர் வைக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரதீப் வேனோடு போயிருந்தான். அன்புசெல்வி சுவரைத் தட்டிக் கத்தினாள். அமலி ஓடிப்போனபோது பாப்பாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அக்கா, புள்ளைய புடிங்க, நான் ஆட்டோ கூட்டிட்டு வந்தர்றேன்!" என்று குழந்தையை அமலியின் கையில் போட்டுவிட்டு அன்புசெல்வி தெருவுக்கு ஓடினாள்.

அறையில் அமலியும் பாப்பாவும் மட்டும். பாப்பாவின் நெஞ்சு ஒரு தரம் ஏறியது. அடுத்த மூச்சுக்கு அமலி காத்திருந்தாள். வரவில்லை. அப்புறம் வந்தது. அந்த இடைவெளியில்தான் அவளுக்கு உபதேசியார் சொன்ன இடம் தெரிந்தது. இருட்டில் ஒரு குழந்தை கிடந்து அழுவது தெரிந்தது. அவள் யோசித்தாள் என்று சொல்ல முடியாது. குடத்தின் மேல் கவிழ்த்திருந்த டம்ளரைக் கை தானாக எடுத்தது. பிறந்த மயிர் இன்னும் உதிராத அந்த உச்சந்தலையில் தண்ணீர் விட்டு, "பாப்பா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஈரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டு அமலி குழந்தையோடு ஏறினாள்.

அன்று சாயங்காலமே பாப்பா போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்து பார்த்தார்கள். முன்னாலேயே கொண்டுவந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா அன்புசெல்வியின் தோளைத் தொட்டுச் சொன்னார். பிரதீப்பின் அப்பா மருதாசலம் சேவூரிலிருந்து வந்து குழந்தையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பச்சைப்பிள்ளையைப் புதைக்கும் இடத்துக்குப் பெற்றவள் போவது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

அதன் பிறகு அன்புசெல்வி வேலைக்கு வரவில்லை. வந்தாலும் உட்கார முடியாது என்பது அமலிக்குத் தெரியும். அந்த மாதம் ஃப்ளோரில் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் பிறந்த குழந்தைகளுக்கான உடுப்பு. உள்ளங்கை அகலச் சட்டைகள், கால் மூடிய கால்சட்டைகள், வாத்துப் படம் போட்டவை. அமலி ஒவ்வொன்றையும் விரித்துத் திருப்பி ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டி அந்தப் பக்கம் போடுவாள். ஓட்டை உள்ள சட்டை கையில் வரும்போதெல்லாம் அவளுக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அமலி சோறு கொண்டுபோவாள். மறுநாள் போனால் அதே தட்டு மூடியபடி இருக்கும். அன்புசெல்வி பால் கட்டிய மார்பை ஒரு துண்டால் இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எப்போதாவது, "எங்கீங்க்கா போயிருக்கும் அது?" என்று கேட்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

அமலிக்கு அதற்குப் பதில் தெரியும். அதுதான் அவளை அரித்தது.

ஒரு நாள் டீ நேரத்தில் செக்கிங் டேபிளில் பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்த இடத்துக்கே வந்தது. லைனில் புதிதாகச் சேர்ந்த வேல்விழி, கீழே கிடந்த ஒரு ஜோடிக் கம்மலைக் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்திருந்தாள். அதை வைத்து மதுரைப் பக்கத்துப் பாண்டியம்மாள் அவளை வாட்டிக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தி, கையில கெடச்சதக் கொண்டுபோயி குடுத்திருக்கியே, உனக்கு என்ன, மேல சிம்மாசனம் போட்டு வச்சிருக்காகளா?"

"சிம்மாசனமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எடுத்தா அடுத்த சென்மத்துல காது இல்லாமப் பொறப்பன்னு எங்கம்மா சொல்லும்" என்றாள் வேல்விழி.

"பாத்தீகளா! பயந்துல்ல குடுத்திருக்கா. நரகம் இல்லைன்னு நாளைக்கு டிவியில சொல்லட்டும், இந்த டேபிள்ல ஒரு பீஸ் மிஞ்சாது."

சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் டீ கிளாசோடு வந்து நின்றார். "ஏனுங் அம்மணிகளா, இதுக்கெல்லாம் செத்துப் போயி பாக்கோணுமாக்கும்? புரொடக்சன் ஏத்துனா போனசுன்னு போர்டுல எழுதிப் போட்டேன். நாலு பேரு நிமிந்து பாத்தீங்க. பாரீன் பையர் ஆடிட்டுக்கு வர்றான்னு ஒரு வார்த்தை சொன்னேன், பாத்ரூம் சுவரு வரைக்கும் தொடச்சு வெச்சுட்டீங்க. இம்புட்டுத்தானுங்க மனுசரு."

எல்லோரும் சிரித்தார்கள். அமலி சிரிக்கவில்லை.

"அப்படிச் சொல்லாதிய சார்" என்றாள். "சொர்க்கம் எங்கயோ இருக்குன்னா யாரும் நிமிந்து பாக்க மாட்டாவதான். உன் ஆளு அங்கதான் இருக்கு, நிச்சயமா இருக்குன்னு ஒருத்திக்கிட்ட சொன்னா, செத்துக் கெடக்கவ கூட எந்திரிச்சு சாப்பிடுவா."

"அதை நிச்சயமா ஆரு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு மகுடேஸ்வரன் பெல் அடிக்கப் போனார்.

நான் சொல்லலாமே என்று அமலிக்குத் தோன்றியது அப்போதுதான்.

வீட்டில் ஆரோக்கியராஜிடம் சொன்னாள். அவன் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்; துணியில் கத்தி வைப்பதற்கு முன் மூன்று தரம் அளக்கிறவன். அவள் தண்ணீர் ஊற்றியதே அவனுக்கு அன்றுதான் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போயி... சாவுற நேரத்துல நம்ம வேதத்துல சேத்துட்டாவன்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா நாம இந்தத் தெருவுல இருக்க முடியுமா?"

"அவ அப்படி நெனைக்க மாட்டா."

"அவ நெனைக்க மாட்டா. சரி. நீ எதுக்குச் சொல்லணும்? அவளுக்காகவா, உன் வயித்துல கெடக்குறத எறக்கி வைக்கவா?"

அமலி தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். இரண்டும்தான் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த மூடிய தட்டு அவள் கண்ணிலேயே நின்றது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் போய் அன்புசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் தலைமுடியைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். பின்னி முடிக்கும்போது சொன்னாள்.

"அன்பு, பாப்பா எங்க இருக்குன்னு கேட்டேல்லா. அது மோட்சத்துல இருக்கு. இது நான் ஆறுதலுக்குச் சொல்லல. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

அன்புசெல்வி திரும்பிப் பார்த்தாள். "எப்பிடீங்க்கா தெரியும்?"

அமலி சொன்னாள். ஆட்டோவுக்குப் போன நேரம், டம்ளர், தண்ணீர், வார்த்தைகள். சொல்லச் சொல்ல அவளுக்கே நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. அன்புசெல்வி கோபப்படுவாளோ என்றுதான் பயந்திருந்தாள். அன்புசெல்வி கோபப்படவில்லை. கேட்டு முடித்து அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்காக நீங்க சாமி கும்புட்டீங்களாக்கும்."

"ஆமாட்டி."

பிடித்த கையை விடாமலே அன்புசெல்வி கேட்டாள்: "ஊத்தாம உட்டிருந்தா?"



"அதான் ஊத்திட்டேனே" என்றாள் அமலி.

"இல்லீங்க்கா. ஊத்தாம உட்டிருந்தா எங்க போயிருக்கும்? நீங்க அப்பிடி ஓடிப்போயி ஊத்துனீங்கன்னா, எதுக்கோ பயந்துதானுங்க ஊத்தியிருப்பீங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அமலி பொய் சொல்லிப் பழகாதவள். அதற்கும் அந்த உபதேசியார்தான் காரணம். "வெளிச்சம் இல்லாத ஒரு இடம்னு எங்க ஊருல சொல்லுவாவ" என்றாள். "நம்ம பாப்பா அங்க போகல, அன்பு. அதான் சொல்லுதேன்."

அன்புசெல்வி கையை எடுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள். அப்புறம் அமலி அந்தக் காம்பவுண்டுக்கு வருவதற்கு முந்தைய கதை ஒன்றைச் சொன்னாள். இதற்கு முன் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை. வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அவள் மயக்கம் தெளிவதற்குள் மாமனார் எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகம்கூட அவள் பார்க்கவில்லை.

"அதுக்கு ஆரும் ஊத்தலீங்களே" என்றாள்.

அமலி சீப்பில் சுற்றியிருந்த முடியை உருவினாள்.

"பச்சப்புள்ளைக்குப் பாவமில்லீன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. மண்ணுக்குள்ள போட்டா மறுபடியும் அதே வயித்துக்கு வந்துரும்பாங்க. நானும் அப்பிடித்தானுங்க இருந்தேன். பாப்பா பொறந்தப்ப, அவந்தான் வந்துட்டான்னு நெனச்சேன். இப்பத்தானே தெரியுது. அவன் வரலீங்க. அவன் அங்கயே கெடக்கறான்."

"அப்படி இல்லட்டி..."

"வெளிச்சமே இருக்காதுங்களா? துளியூண்டு கூடவா?"

அமலி எழுந்து வந்துவிட்டாள். அவள் கொண்டுபோனது மோட்சம். அதை அன்புசெல்வி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். இப்படி ஆகும் என்று தனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று அமலி தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்குத் தன்னை டம்ளரை எடுக்க வைத்ததும் மோட்சம் இல்லையே.

அந்த வாரம் முழுக்க அன்புசெல்வி விளக்கை அணைக்கவிடவில்லை என்று பிரதீப் வந்து சொன்னான். பட்டப்பகலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. "என்னங்க்கா ஆச்சு அவளுக்கு? இருட்டா இருக்குது, இருட்டா இருக்குதுங்கறா" என்று கேட்டான். அமலி தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பங்குச்சாமியார் வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி இருந்தார். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அம்மா, அப்படி ஒரு இடம் இருக்குன்னு இப்போ திருச்சபை கற்பிக்கிறதில்ல. அந்தக் குழந்தைகளை நாம கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். அவ்வளவுதான். கடவுள் நம்மளவிட நல்லவர்மா. ஒரு டம்ளர் தண்ணி இல்லைன்னு ஒரு குழந்தையத் தள்ளிவிடுவாரா?"

"அப்போ உபதேசியார் சொன்னது, ஃபாதர்?"

"அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்லியிருப்பார்."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அமலிக்கோ காலடியில் தரை இல்லாதது மாதிரி இருந்தது. இல்லாத ஓர் இடத்துக்குப் பயந்து, இல்லாத அந்த இடத்துக்கு அன்புசெல்வியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் வரும்போது சாமியார் சொன்னதை ஒரு சொல் விடாமல் மனத்துக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்புசெல்வி அதை முழுவதும் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அப்பிடியொரு எடமே இல்லீங்களா?"

"இல்லவே இல்ல. சாமியாரே சொன்னாவ."

"நீங்க எனக்காகப் போயி கேட்டுட்டு வந்தீங்களாக்கும்." அவள் லேசாகச் சிரித்தாள். "அக்கா, அன்னைக்கு நீங்க யோசிக்காம ஓடிப்போயி ஊத்துனீங்க பாருங்க, அதுதானுங்க நெசம். இப்ப சொல்றது நான் அழுவக் கூடாதுன்னு சொல்றது."

"ஏட்டி, சத்தியமா..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. எங்கூடத் தோட்டத்துக்கு வாங்க. அவனுக்கும் ஊத்தீருங்க."

இறந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாது. அதுவும் அமலிக்குப் பாடம்தான். தெரிந்தே வீணாக அந்த வார்த்தைகளைச் சொல்வது பெரும்பாவம் என்றும் படித்திருந்தாள். அந்தப் பாவத்துக்கான இடத்தைச் சாமியார் இல்லையென்று சொல்லவில்லை. இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, "வாரேன்" என்றாள்.

ஞாயிறு காலை இருவரும் சேவூர் போய் இறங்கினார்கள். மருதாசலம் களத்தில் மக்காச்சோளத் தட்டை கட்டிக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வா கண்ணு. என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

"மாமா, மொதப் பையன எங்க வெச்சீங்க?"

அவர் முகம் மாறியது. "அதெல்லாம் இப்ப எதுக்குச் சாமி? போனதப் போயி..."

"பாக்கோணுமுங்க மாமா. பாத்துட்டுப் போயர்றேன்."

அவர் அமலியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். வேலியோரம் போய் நின்றார். அங்கிருந்து நாலு எட்டு வைத்தார். திரும்பி வந்தார்.

"பாப்பாவ வெச்சது இந்த வேம்புக்கு அடியில. பையன... அப்ப இங்கொரு வரப்புப் பொழி இருந்துச்சு கண்ணு. அதுக்கு மேக்கால. போன வருசம் ஜேசிபி உட்டு எல்லாத்தையும் சமம் பண்ணி, சொட்டுநீர் போட்டுட்டோம். இதா, இங்க இருக்கும். இல்ல, அதுக்கும் அக்கட்டால." அவர் கை நீட்டிய பக்கமெல்லாம் மக்காச்சோளம் இடுப்பளவுக்கு நின்றது. "எனக்குத் தெரியல சாமி. மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு களத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்புசெல்வி பயிருக்குள் இறங்கினாள். ஓரிடத்தில் நின்று காலால் மண்ணைத் தடவிப் பார்த்தாள். "இங்க ஊத்துங்க்கா."

அமலி குனிந்தாள். "பேரு?"

"முகிலன்" என்றாள் அன்புசெல்வி. "வயித்துல இருக்கறப்பவே நான் அப்பிடித்தானுங்க கூப்புட்டுட்டு இருந்தேன். ஆருக்கும் தெரியாது."

"முகிலன், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே..." அமலி சொல்லிக்கொண்டே தண்ணீரைச் சாய்த்தாள். செம்மண் உறிஞ்சிக்கொண்டது. அவளுக்குப் பயமாக இல்லை, நம்பிக்கையாகவும் இல்லை. பக்கத்தில் நின்றவளின் மூச்சு சீராகிறதா என்று மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம் சீரானது மாதிரிதான் இருந்தது. அன்புசெல்வி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். அப்புறம் கண்ணைத் திறந்து, பயிர் வரிசை போகும் தூரத்தைப் பார்த்தாள்.

"இங்கதானுங்களா இருக்கும்? மாமா அக்கட்டாலயும் கையக் காட்டுனாங்களே."

அமலி இரண்டு வரிசை தள்ளிப் போய் ஊற்றினாள். அதே வார்த்தைகள், அதே பேர். பிறகு அந்தப் பக்கம். பாட்டில் காலியானதும் போர்க்குழாயில் பிடித்துக்கொண்டு வந்தாள். சோளத் தோகை இருவர் கையையும் அறுத்தது. வெயில் ஏறியது. களத்திலிருந்து மருதாசலம் சாப்பிடக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. இருவரும் அடுத்த வரிசைக்குப் போனார்கள். அமலியின் தொண்டை கட்டி, வார்த்தைகள் வெறும் காற்றாக வரத் தொடங்கியிருந்தன.

"போலாமா அன்பு?"

அன்புசெல்வி வேலி மூலையைக் கைகாட்டினாள்.

"அங்க இன்னும் ஊத்தலீங்க்கா."